பாதி வாடகைக்கு ஒரு அறை

சனிக்கிழமை காலையில் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. டப்ளினுக்கு வடமேற்கே, கேவன் பக்கத்து மழை எப்போது விழுகிறது, எப்போது நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கொஞ்ச நேரம் வெளியே நின்றால் உள்பனியன் வரை நனைந்திருக்கும். குடை வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் கோட்டுத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி நின்றார்கள். எதிர்மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்கூடத் தலையைத் தூக்கி வேடிக்கை பார்த்தன.

ஓர்லா சமையலறை ஜன்னல் வழியாக எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

"இவ்வளவு பேரா. ஒரு கராஜுக்கா?"

"அது கராஜ் இல்ல, ஸ்டுடியோ," என்றான் அவள் புருஷன் பின்டன். "விளம்பரத்துல அப்படித்தான் போட்டிருக்கேன்."

"போன மாசம் வரைக்கும் அதுல புல்லு வெட்டுற மெஷின் நின்னுச்சு."

"மெஷின் நின்னப்ப ஹீட்டர் கிடையாது. இப்ப இருக்கு."

கராஜை அறையாக்கியது அவன்தான். பால் லாரி ஓட்டுகிறவன். விடியுமுன் கிளம்பிப் பண்ணை பண்ணையாகப் பால் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, மத்தியானம் வீடு வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் சுவருக்குப் பலகை அடித்தான். சின்னக் குளியலறை ஒன்றும் கட்டினான். அதன் கதவு முழுசாகத் திறக்காது. ஒடுங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஒல்லியான ஆளாகப் பார்த்து வைத்தால் போச்சு என்றான்.

விஷயம் இதுதான். அவர்களுக்கு ஒரே பையன், டாரா, மூன்று வயது. அவனை விடுகிற க்ரெஷ்ஷுக்கு, அந்தப் பிள்ளைக் காப்பகத்துக்கு, மாதம் கட்டுகிற பணம் வீட்டுக் கடன் தவணைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓர்லா வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே காளான் பண்ணையில். காளானுக்குக் கிழமை தெரியாது. இன்று விரல் நுனி அளவு இருப்பது நாளைக்கு இரண்டு மடங்காகி, மறுநாள் குடையாக விரிந்து விலை போகாமல் கிடக்கும். அதனால் பறிக்கிறவர்கள் இருட்டோடு இருட்டாக வந்துவிடுவார்கள். பறித்ததை எடை போட்டுத் தட்டில் அடுக்குகிற ஓர்லாவும் அப்போதே வந்தால்தான் முழுச் சம்பளம். க்ரெஷ் திறந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும். இப்படிப் பாதிச் சம்பளத்தை விட்டு, மீதிச் சம்பளத்தை க்ரெஷ்ஷில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கராஜ் அறையைப் பாதி வாடகைக்கு விடுவது, குடிவருகிறவர் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. இது பின்டன் லாரியில் உட்கார்ந்து கண்டுபிடித்த யோசனை. கேட்டதும் ஓர்லாவுக்கு அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது, கட்டியும் பிடித்தாள்.

ஒரே ஒரு நெருடல். க்ரெஷ்ஷில் இன்னும் சொல்லவில்லை. அங்கே ஓர் இடத்துக்கு ஊரில் பாதிப் பேர் காத்திருக்கிறார்கள். இங்கே ஆள் அமைவதற்கு முன்னால் அங்கே வாயைத் திறந்தால் இரண்டும் போய்விடும். அதனால் விளம்பரத்தில் பாதி வாடகையையும் பிள்ளை பார்ப்பதையும் போட்டார்கள், பெயர் போடவில்லை. பின்டன் போன் நம்பர் மட்டும். கேட்டவர்களுக்கும் வீட்டுக்கான போஸ்ட் கோடை மட்டும் அனுப்பினான். இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு போஸ்ட் கோடு தனி. அந்த ஏழு எழுத்து போதும், யார் வீடென்று தெரியாமலே யாரும் வாசலில் வந்து நிற்கலாம்.

ஒருவரை ஒரு மாதிரியும் இன்னொருவரை வேறு மாதிரியும் கேட்பது நியாயமில்லை என்று ஓர்லா கேள்விகளைப் போனில் வரிசையாக அடித்து வைத்திருந்தாள். எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. அவள் அப்பா நடுவராக இருந்து கால்பந்து ஆட்டங்களில் ஊரிடம் திட்டு வாங்கியவர். அந்த ரத்தம்.

"டீ போடட்டுமா எல்லாருக்கும்?" என்று கேட்டாள்.

"வீடு பார்க்க வந்தவங்களுக்கா? டீ குடுத்து அனுப்பிட்டு அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்லுவ?"

அதுவும் சரிதான். அவர்கள் ஊரில் டீ குடித்தவரிடம் முகத்தை முறிக்க முடியாது. டீ இல்லாமலும் யாரும் நேராக இல்லை என்று சொல்லிவிட மாட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். கேட்கிறவரும் புரிந்துகொண்டு போய்விடுவார். ஆனால் அன்று மழை பெய்தது. அவளுக்கு மனசு கேட்காமல் ஒரு தட்டு நிறைய பிஸ்கட்டாவது எடுத்து வாசலில் வைத்தாள்.

டாரா மேஜைக்கடியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனை அங்கே விட்டிருந்ததும் ஒரு கணக்குத்தான். வருகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்று ஓர்லா கவனித்தாள். பெரும்பாலோர் ஜன்னலையும் ஹீட்டரையும் பார்த்தார்கள். ஒரு கல்லூரிப் பையன் வைஃபை வேகம் கேட்டான். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிரேசில் தம்பதி ஒன்று, இருவரும் கைகோத்தபடி வந்து, தாங்கள் ரொம்பச் சத்தமில்லாதவர்கள் என்று மூன்று தடவை சொன்னார்கள். ஒருவர் தன் நாய் பிள்ளைகளை ஒன்றும் செய்யாது என்றார். நாய் கேட்டில் கட்டிக்கிடந்து குரைத்துக்கொண்டிருந்தது.

டப்ளினிலிருந்து வந்த ரோஷீன் என்கிற பெண்தான் ஓர்லாவுக்குப் பிடித்திருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை. முன்பு குடியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் கொடுத்த நற்சான்று. சிகரெட் இல்லை. பிள்ளைகளோடு பழக்கம் உண்டா என்றதற்கு, அக்கா பிள்ளைகளை வளர்த்ததே தான்தான் என்றாள். மேஜைக்கடியில் குனிந்து மட்டும் பார்க்கவில்லை.

அவளை அனுப்பிவிட்டு, போனில் குறித்துக்கொண்டே, நிமிராமல், "அடுத்தது யாரு, உள்ள வாங்க, மழையில நிக்காதீங்க," என்றாள் ஓர்லா.

வந்தவர் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். அதுவரை வந்தவர்களில் ஒருவரும் கழற்றவில்லை. ஓர்லாவின் கண்ணில் முதலில் பட்டது காலுறை. ஊதா நிறக் கம்பளி, கட்டைவிரலிடம் பச்சை நூலில் ஒட்டுத் தைத்தது. அந்தக் காலுறையை அவள் தினமும் காலையில் பார்க்கிறாள். க்ரெஷ்ஷில் சின்னப் பிள்ளைகள் அறைக்குள் யாரும் ஷூ போடக் கூடாது.

"அசம்ப்டா," என்று டாரா மேஜைக்கடியிலிருந்து பாய்ந்து வந்தான். "நீ எங்க வீட்டுக்கு வந்துட்ட."

"வந்துட்டேன் பாரு," என்றாள் அசம்ப்டா. ஐம்பதைத் தாண்டியவள், குட்டை முடி, அகன்ற கை. டாராவுக்கு ஒரு வயது ஆனதிலிருந்து அவனுக்குத் துணி மாற்றி, ஊட்டி, தூங்கவைத்து வருகிறவள். "இதுதான் நீ சொன்ன டிராக்டரா? ஒரு டயரைக் காணோமே."

"நாய் தின்னுடுச்சு."

"உங்க வீட்டுல நாயே கிடையாதே."

"கேட்டுல இருக்கு."

அதன் பிறகுதான் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். அசம்ப்டாவின் முகம் சிவந்தது. ஓர்லாவுக்குக் கழுத்திலிருந்து காது வரை சுட்டது. பிள்ளையை க்ரெஷ்ஷிலிருந்து நிறுத்தப் போகிறாள் என்பது அந்த நிமிஷமே அசம்ப்டாவுக்குத் தெரிந்துபோயிற்று. கதவருகில் அடுத்து நின்ற இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கி உள்ளேயே வந்துவிட்டார்கள். அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நசநசன்னு இருக்கு வெளிய," என்றாள் ஓர்லா.

"ஆமா. மத்தியானம் வெளுக்கும்னு ரேடியோல சொன்னாங்க."

"வெளுத்தா நல்லது."

"நல்லதுதான்."

இத்தோடு அந்த ஊருக்கு வழக்கமான பேச்சு தீர்ந்தது. ஓர்லாவின் கையில் போன் இருந்தது. கேள்விகள் இருந்தன. அவள் குனிந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"எங்க வேலை பார்க்குறீங்க?"

அசம்ப்டா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு அவளும் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படியாகப் பதில் சொன்னாள்.

"ஊருக்குள்ளதான். ஒரு க்ரெஷ்ல."

"இப்ப இருக்குற வீட்டை ஏன் விடுறீங்க?"

"கடைக்கு மேல மாடியில இருக்கேன். வீட்டுக்காரர் விக்கிறார். வாங்குறவருக்குக் காலி வீடு வேணுமாம்."

"சிகரெட் உண்டா?"

"விட்டுட்டேன்."

"உங்களைப் பத்திச் சொல்ல யாராவது இருக்காங்களா?"

டாரா அசம்ப்டாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். "என்கிட்ட பிள்ளைய விடுற அம்மா அப்பா யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க," என்றாள்.

ஓர்லா போனைத் தள்ளினாள். கடைசிக் கேள்வி வந்தது. அதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே வாய் வாசித்துவிட்டது.

"பிள்ளைகளோட பழக்கம் உண்டா?"

அசம்ப்டா கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, டாராவின் தாடையை ஒரு விரலால் தூக்கி, மூக்கைத் துடைத்தாள். அவன் பழக்கமாக ஊம் என்று சிந்தினான்.

"கொஞ்சம் உண்டு," என்றாள்.

அறையைக் கூட்டிப்போய்க் காட்டியது பின்டன். ஓர்லா சமையலறையை விட்டு நகரவில்லை. திரும்பி வந்து அசம்ப்டா ஷூவைப் போட்டுக்கொண்டபோது, சொல்லி அனுப்புகிறோம் என்றாள். சரி கண்ணு என்றாள் அசம்ப்டா. டாரா கூடவே போவதாக அழுதான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கோட்டிலிருந்து விடுவித்து, திங்கட்கிழமை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கிப் போனாள்.

ரேடியோ சொன்னபடி மத்தியானம் வெளுக்கவில்லை. வரிசை கரைந்த பிறகு பன்றியிறைச்சியும் முட்டைக்கோசும் வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். டாரா தன் பங்கை மேஜைக்கடியில் டிராக்டருக்குப் பக்கத்தில் வைத்துத் தின்றான். அவனோடு மல்லுக்கட்ட அன்று யாருக்கும் தெம்பில்லை.

"அப்புறம் என்ன யோசனை?" என்றான் பின்டன். "தேடிப்போனாலும் இப்படி ஆள் கிடைக்காது. பையன் உசுரா இருக்கான். அந்தம்மா அந்தக் குளியலறைக் கதவைப் பார்த்து, பரவாயில்ல நான் பக்கவாட்டுல வந்துக்கிறேன்னாங்க."

"வேண்டாம் பின்டன்."

"ஏன்? அங்க போய் நம்மளப் போட்டுக்குடுத்துருவாங்கன்னா? அவங்களும் வேலைய விடப்போறதச் சொல்லாமத்தான் வந்து நின்னிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே படகுல இருக்கீங்க."

"அது இல்ல."

"பின்ன?"

ஓர்லா கோசைக் கிளறினாள். "நான் அவங்களப் பார்த்து, பிள்ளைகளோட பழக்கம் உண்டான்னு கேட்டேன்."

பின்டன் வாயில் கிழங்கோடு நிறுத்தினான். "யாரை, அசம்ப்டாவையா?" அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"சிரிக்காத."

"சிரிக்கல. அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"கொஞ்சம் உண்டுன்னாங்க."

அவன் அடக்க முடியாமல் எழுந்து தண்ணீர் குடித்தான். அவளுக்கு அழுகை வந்தது. "உனக்குச் சிரிப்பு. நான் தினமும் அந்த மூஞ்சில முழிக்கணும். இங்க வந்துட்டா காலையில முழிக்கணும், சாயங்காலமும் முழிக்கணும். ஜன்னலைத் திறந்தா அவங்க ஜன்னல். நான் பையனைக் கத்துறது, நீ குடிச்சிட்டுப் பாடுறது, அழுக்குத்துணி, எல்லாம் தெரியும்."

"இப்ப மட்டும் தெரியாதா? இவன் வாயை வெச்சுக்கிட்டு?"

அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் க்ரெஷ் முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு, அவள் உடனே உள்ளே போவதில்லை. கை முழுக்கக் காளான் மண்வாடையோடு, எஞ்சினை அணைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பாள். பிள்ளை உள்ளே காத்திருக்கிறான் என்று தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். பின்டனுக்கு அது தெரியாது. அசம்ப்டா பிள்ளைகளோடு இருக்கும் அறையின் ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்தது. இரண்டு தடவை திரைச்சீலை அசைந்ததை ஓர்லா பார்த்திருக்கிறாள்.

"ரோஷீனுக்குச் சொல்லு," என்றாள். "அசம்ப்டாவுக்கு அறை முடிஞ்சிருச்சுன்னு மெசேஜ் போட்டுரு."

"ரோஷீன் இன்னும் சரின்னே சொல்லலியே. அறை காலியா இருக்கு."

"காலியாத்தான் இருக்கு. அவங்களுக்கு மட்டும் இல்ல. போடு."

பின்டன் போனை எடுத்தான். மேஜைக்கடியில் டிராக்டர் சத்தம் நின்றிருந்தது, இருவரும் கவனிக்கவில்லை. அசம்ப்டாவின் பதில் உடனே வந்தது. அவன் வாசித்துக் காட்டினான். "பரவாயில்லை, சொன்னதற்கு நன்றி. பையனுக்குச் சளி கட்டியிருக்கிறது, படுக்கும்போது நெஞ்சில் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள்."

ஓர்லா தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை க்ரெஷ் வாசலில் அசம்ப்டா எப்போதும் போலவே கையை நீட்டி டாராவை வாங்கிக்கொண்டாள். சளி பரவாயில்லையா என்று கேட்டாள். ஓர்லா ஆமென்றும் இல்லையென்றும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு ஓடி வந்தாள். மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அவள் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசவில்லை. அசம்ப்டாவிடம் கோபம் இருந்திருந்தால்கூட ஓர்லாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கோபத்துக்குக் கோபம் காட்டிவிட்டுப் போகலாம்.

ரோஷீன் சரி என்றாள். ஓர்லா க்ரெஷ் நிர்வாகியிடம் போய், மாத முடிவோடு பையனை நிறுத்துகிறோம் என்று சொன்னாள். பண்ணையில் விடியல் வேலைக்குப் பெயர் கொடுத்தாள். கராஜ் அறைக்குப் புது மெத்தை வந்தது. ஜன்னலுக்கு அவளே மஞ்சள் திரை தைத்தாள். எல்லாம் முடிந்தபிறகு, குடிவர இரண்டு நாள் இருக்கையில், ரோஷீனிடமிருந்து மெசேஜ் வந்தது. டப்ளினுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் அமைந்துவிட்டது, மன்னிக்கவும். மெசேஜில் ஒரு சிரித்த முகமும் இருந்தது.

ஓர்லா எடை மேடையிலிருந்து அப்படியே இறங்கி, கை கழுவாமல், க்ரெஷ்ஷுக்கு வண்டியை விட்டாள். நிர்வாகி அறையில் ஏற்கெனவே இரண்டு தாய்மார் நின்றிருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டாராவை நிறுத்தலை. அவன் இடத்தை வெச்சுக்குங்க," என்றாள் ஓர்லா.

நிர்வாகி சலித்துப்போயிருந்தாள். "எந்த இடத்தைம்மா? அந்த அறையையே மூடப்போறேன். இத்தனை பிள்ளைக்கு இத்தனை பேர் இருக்கணும்னு சட்டம். ஒருத்தர் குறைஞ்சா நான் திறக்க முடியாது. ஆள் தேடாத இடமில்ல."

"யாரு குறையுறாங்க?"

"அசம்ப்டா. வெள்ளிக்கிழமையோட போறா. இருக்க வீடு கிடைக்கல, மேற்கே மாயோவுல தங்கச்சி வீட்டுக்குப் போறாளாம். ஊர் முழுக்கக் கேட்டுப் பார்த்துட்டா. இந்த ஊர்ல ஒரு அறை இல்லியாம், பாருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தாய், "அநியாயம்," என்றாள். ஓர்லா தரையைப் பார்த்தாள். அந்த அறையை வெறும் வாடகைக்காவது கொடுத்திருந்தால் அசம்ப்டா இங்கேயே வேலையில் இருந்திருப்பாள். தன் பிள்ளைக்கு மட்டுமில்லாமல் அங்கே நின்றவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியவள் தான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். அன்று ஓய்வுக்காக உட்காரவில்லை. இறங்கக் கால் வரவில்லை. கண்ணாடியில் மழை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கதவுக் கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள். அசம்ப்டா. கோட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றாள்.

"உட்காரலாமா?"

ஓர்லா பக்கத்து சீட்டில் கிடந்த ரொட்டிப் பையைப் பின்னால் தூக்கிப்போட்டாள். அசம்ப்டா ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"அந்த அறை," என்றாள் ஓர்லா. "அன்னைக்கு முடியல. காலியாத்தான் இருந்துச்சு."

"தெரியும் கண்ணு."

"எப்படி?"

"திங்கக்கிழமை கஞ்சி குடிக்கிறப்பவே டாரா சொல்லிட்டான். 'காலியாத்தான் இருக்கு, அவங்களுக்கு மட்டும் இல்ல'ன்னான். உன் குரல்லயே சொன்னான். புருவத்தைக்கூட அப்படியே சுருக்கினான்."

ஓர்லா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"பிள்ளைங்க இங்க கொண்டுவந்து கொட்டுறத நாங்க வீட்டுக்குத் திருப்பி அனுப்புறதில்ல. அது எங்க வேலையில ஒரு வழக்கம். அனுப்ப ஆரம்பிச்சா இந்த ஊர்ல ஒரு குடும்பமும் மிஞ்சாது."

"இப்ப வாங்க. அறை அப்படியே இருக்கு. வாடகையே வேண்டாம்."

"தங்கச்சி வண்டி சொல்லிட்டா. அங்க ஒரு கடையில வேலையும் பார்த்து வெச்சிருக்கா." அசம்ப்டா கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். "அதோட நான் அங்க வந்துட்டா உனக்கு வண்டியில உட்கார இடம் ஏது."

ஓர்லா நிமிர்ந்து பார்த்தாள். அசம்ப்டா அவளைப் பார்க்காமல் ஜன்னலைக் காட்டினாள். "நீ உட்கார்ந்திருக்குற அன்னைக்கெல்லாம் நான் அவனுக்கு ஷூ போடுறத மெதுவாப் போடுவேன். இல்லன்னா ஜன்னலுக்கு வந்து உன்னைப் பார்த்துருவான். எல்லா அம்மாவும் உட்கார்றதுதான். நீ மட்டும்னு நினைச்சியா."

"நான் கேட்டது... அந்தக் கடைசிக் கேள்வி..."

"அத விடு. நானும்தான் கோர்ட்டுல நிக்கிற மாதிரி பதில் சொன்னேன். உனக்குப் பைத்தியமான்னு சிரிச்சிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சு முடிச்சிருப்போம். எனக்கும் வெக்கம். இங்க யார்கிட்டயும் சொல்லாம வேலைய விடலாம்னு வந்து நின்னவதானே நானும்." அவள் கதவைத் திறந்தாள். "வா, வந்து அவனைக் கூட்டிட்டுப் போ. இன்னைக்கு அவனுக்கு நீ ஷூ போட்டு விடு. எனக்குக் கை வராது."

அதன்பின் ஓர்லா வேலைக்குப் போகவில்லை. போனில் ஒவ்வொரு க்ரெஷ்ஷாகக் கூப்பிட்டாள். எல்லோரும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பண்ணையில் அவள் இடத்துக்கு ஒரு லிதுவேனியப் பெண் வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டாள். பின்டன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். புல் வெட்டும் மெஷின் மறுபடி கராஜுக்குள் போயிற்று, மஞ்சள் திரைக்குப் பக்கத்தில்.

ஏரிக்கு அந்தப்பக்கம் டிம்ப்னா என்றொருத்தி வீட்டிலேயே நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள், ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதால் ஓர் இடம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஓர்லா டாராவுக்குத் தலைசீவி, அவனையும் கூட்டிக்கொண்டு, பண்ணைச் சிநேகிதியிடம் ஒரு பெட்டி காளான் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது மழை.

டிம்ப்னா பெரிய உடம்பு, பெரிய குரல். சமையலறையில் ஒரு பிள்ளை இடுப்பில், இரண்டு பிள்ளை தரையில், ஒன்று அழுதுகொண்டு. அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. காளான் பெட்டியை வாங்கி மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"உட்காரு. தப்பா நினைக்காத, நான் ஆள் பார்த்துத்தான் எடுப்பேன். பிள்ளை எப்படி இருந்தாலும் சமாளிச்சுருவேன், பெத்தவங்கதான் தொல்லை. எங்க வேலை?"

"காளான் பண்ணையில. இப்ப இல்ல. அவனுக்கு இடம் கிடைச்சா மறுபடி சேத்துக்குவாங்க."

"முன்னாடி இருந்த எடத்தை ஏன் விட்டீங்க?"

"ஆள் இல்லாம மூடிட்டாங்க."

"சொன்னாங்க, சொன்னாங்க. பாவம். நேரத்துக்கு வந்து கூட்டிட்டுப் போவீங்களா?"

"வருவேன்." கொஞ்சம் நிறுத்தி, "வந்து சில நாள் கார்ல உட்கார்ந்திருப்பேன்," என்றாள்.

டிம்ப்னா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களைப் பத்திச் சொல்ல யாராவது இருக்காங்களா?"

ஓர்லா தன் அம்மாவையோ, பண்ணை மேலாளரையோ சொல்லியிருக்கலாம். பிள்ளையை யார் அறிவார்களோ அவர்களைத்தான் டிம்ப்னா கேட்டாள். சொல்ல ஒரே பெயர்தான் இருந்தது.

"அசம்ப்டா. க்ரெஷ்ல இருந்தவங்க. இப்ப மாயோவுல இருக்காங்க."

"நம்பர் குடு."

டிம்ப்னா இடுப்புப் பிள்ளையை ஓர்லாவின் மடியில் இறக்கிவிட்டு, போனோடு பின்வாசலுக்குப் போனாள். கண்ணாடிக்கு வெளியே, கொட்டகைக் கூரைக்கடியில் நின்று பேசுவது தெரிந்தது. என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. தலையாட்டினாள். ஒருமுறை திரும்பி ஓர்லாவைப் பார்த்தாள். ஓர்லா நனைந்த கோட்டைக் கழற்றாமல், யாருடைய பிள்ளையையோ பிடித்தபடி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று தன் வீட்டு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பிரேசில் தம்பதிக்குச் சொல்லி அனுப்பவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

டிம்ப்னா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"நல்லாத்தான் சொன்னா. நேரத்துக்கு வருவாங்க, பையன் எல்லாம் தின்னுவான், சளிதான் சீக்கிரம் பிடிக்கும்னா. அப்பாக்காரன் வந்தா கூட ரெண்டு நிமிஷம் நின்னு பேசுவான், நல்ல மனுஷன்னா." ரொட்டியை அடுப்பிலிருந்து இழுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். "அப்புறம் உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னா. 'அந்தம்மாவுக்கும் பிள்ளைகளோட கொஞ்சம் பழக்கம் உண்டு, தைரியமா எடுத்துக்க'ன்னா. சொல்லிட்டு ஒரே சிரிப்பு. எனக்கு ஒண்ணும் விளங்கல. உனக்கு விளங்குதா?"

"விளங்குது," என்றாள் ஓர்லா.

"சரி, திங்கக்கிழமை கொண்டாந்து விடு. மாத்துத் துணி ரெண்டு செட் வேணும். உள்ள ஷூ போடக் கூடாது, இப்பவே கழட்டிப் பழக்கு."

ஓர்லா மடியிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டு, டாராவின் முன்னால் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு காலிலும் அவிழ்த்து முடித்துவிட்டாள். அவளால் உடனே நிமிர முடியவில்லை.